யாருடைய கையெழுத்து?



இன்றைய உரையை ஒரு களவுக் கதையோடு தொடங்குகிறேன். 1870களில் ஒரு நாள், லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஒரு பெண்மணியின் பணப்பையை ஒருவன் பறித்துவிட்டான். ஆள் பிடிபட்டான். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. அந்தப் பெண்மணி சாட்சி சொல்லப் போனார். அங்கே குற்றப்பத்திரத்தைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. மில்லிசென்ட் ஃபோசெட் என்ற பெண்ணிடமிருந்து, அவருடைய கணவர் ஹென்றி ஃபோசெட்டுக்குச் சொந்தமான, 1 பவுண் 18 சிலிங் 6 பென்ஸ் அடங்கிய பையை இவன் திருடினான் என்று அதில் எழுதியிருந்தது.

பை அவருடையது. பறிகொடுத்தவரும் அவர்தான். ஆனால் சட்டத்தின் கண்ணில் காசு கணவருடையது. தானே திருடியாகக் குற்றம் சாட்டப்பட்டதுபோல் உணர்ந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்று பல பத்தாண்டுகள் போராடிய அதே மில்லிசென்ட் ஃபோசெட்தான் அவர். லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் 2018ஆம் ஆண்டு அவருக்குச் சிலை வைத்தார்கள். அந்தச் சதுக்கத்தில் வைக்கப்பட்ட முதலாவது பெண் சிலை அது.

பெண்களுக்கு உலகெங்கும் நடக்கும் அநீதி என்றால் அடி, உதை, கொலை, கடத்தல் என்றுதான் நமக்கு உடனே நினைவு வரும். அவை கொடுமைகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் நான் ஒரு கணக்காளன். கடதாசிகளோடு காலம் தள்ளுகிறவன். சத்தமில்லாமல், இரத்தமில்லாமல், ஒரு கடதாசியிலே நடக்கிற அநீதியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இங்கிலாந்திலே அந்தக் காலத்துச் சட்டப்படி, திருமணமானதும் பெண் தனி ஆளாக இருப்பது முடிந்துவிடும். அவள் உழைத்த காசும், கையிலிருக்கும் பொருளும் கணவனுக்கே. 1870ஆம் ஆண்டுச் சட்டம் அவளுடைய உழைப்புக் காசை அவளுக்கே விட்டது. 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் மனைவியும் தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வாங்கலாம், விற்கலாம் என்று ஆக்கியது.

சரி, 1882உடன் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். என்னுடைய தொழிலிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். 1800களின் தொடக்கத்திலிருந்து, கணவனோடு வாழும் மனைவியின் வருமானம், வருமான வரியைப் பொறுத்தவரை, கணவனின் வருமானமாகவே கருதப்பட்டது. வங்கியில் அவளுடைய சேமிப்புக்கு எவ்வளவு வட்டி வந்தது என்பதைக் கணவன்தான் தன் வரிப்படிவத்தில் எழுத வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் ஒரு பெண் நாலு காசு சேர்க்க வழியில்லை. இது எப்போது மாறியது தெரியுமா? 1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் திகதி. மார்கரட் தட்சர் என்ற ஒரு பெண் பிரதமராக இருந்து பத்து ஆண்டுகள் கடந்த பிறகு!

பிரான்சிலே ஒரு மனைவி கணவனின் அனுமதியில்லாமல் வங்கிக் கணக்குத் திறக்கவும் வேலைக்குப் போகவும் 1965ஆம் ஆண்டுதான் சட்டம் இடம் கொடுத்தது. சுவிற்சர்லாந்திலே பழைய திருமணச் சட்டப்படி கணவன்தான் குடும்பத் தலைவன். மனைவி வேலைக்குப் போக அவனுடைய சம்மதம் தேவை. அது 1988 ஜனவரி முதலாம் திகதிதான் மாறியது. அதற்கு முன்பே எங்கள் சனங்கள் பலர் அகதிகளாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். முன்னேறிய நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று நாம் நினைத்த நேரத்திலே, அந்த நாட்டின் சட்டப் புத்தகம் அப்படி இருந்தது.

இப்போது மற்ற நாடுகளைப் பார்ப்போம். கொங்கோ ஜனநாயகக் குடியரசின் 1987ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டப்படி, மனைவி சட்டபூர்வமான ஒரு காரியம் செய்வதற்குக் கணவனின் அனுமதி வேண்டும். 2016இல்தான் அதைத் திருத்தினார்கள். சவூதி அரேபியாவிலே 21 வயது கடந்த பெண் ஆண் பாதுகாவலரின் சம்மதமின்றிக் கடவுச்சீட்டு எடுக்கலாம் என்று ஆனது 2019இல்தான். ஈரானிலே திருமணமான பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வேண்டுமென்றால் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் இன்றைக்கும் தேவை. 2015இல் அந்த நாட்டு மகளிர் உள்ளரங்கக் காற்பந்து அணியின் தலைவி நிலூஃபர் அர்தலானுக்கு என்ன நடந்தது? மலேசியாவில் ஆசியக் கிண்ணப் போட்டி. அவருடைய கணவர் சம்மதம் கொடுக்கவில்லை. அணி போனது, தலைவி வீட்டில் இருந்தார். அடுத்த போட்டிக்கு நீதிமன்றம் போய், ஒரு முறைக்கு மட்டும் என்று அனுமதி வாங்கித்தான் அவர் விமானம் ஏறினார்.

இந்தியாவிலே எழுத்தாளர் கீதா ஹரிஹரனின் வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1984இல் தன் சிறு வயது மகனின் பெயரில் சேமிப்புப் பத்திரம் வாங்க அவர் ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். பாதுகாவலர் என்ற இடத்தில் அவரே கையெழுத்திட்டார். தந்தையின் கையெழுத்து எங்கே என்று கேட்டுப் படிவம் திரும்பி வந்தது. தந்தை, அவருக்குப் 'பிறகு' தாய் என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம். கணவனும் மனைவியும் சேர்ந்தே நீதிமன்றம் போனார்கள். 'பிறகு' என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, தந்தை அந்தப் பொறுப்பில் இல்லாத வேளையிலும் தாய் பாதுகாவலராகலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது. பத்து மாதம் சுமந்தவளின் கையெழுத்துக்கு மதிப்புக் கிடைக்க பதினைந்து வருடம்!

அடுத்த வீட்டுக் கதை சொன்னால் போதுமா? எங்கள் வீட்டுக்கும் வருவோம். யாழ்ப்பாணத் தேசவழமை பற்றி உங்களுக்குத் தெரியும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்டது. சீதனமாக வந்த காணியும் வீடும் பெண்ணின் பெயரில்தான் இருக்கும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசொம் கட்டளைச் சட்டம் என்ன சொன்னது? மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடை எழுதவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவன் தன் காணியை விற்பதற்கு மனைவியின் கையெழுத்துத் தேவையில்லை. கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டால், அல்லது நியாயமில்லாமல் மறுத்தால், அவள் மாவட்ட நீதிமன்றப் படி ஏற வேண்டும். உறுதி அவள் பெயரில், சாவி அவன் கையில்.

நேயர்களே, இந்தச் சட்டங்கள் பலவும் மாறிவிட்டன. நாம் வாழும் இந்த நாட்டிலே பெண் தன் கையெழுத்தைத் தானே போடலாம். யாரும் தடுக்க முடியாது. ஆனால் நான் வேலையில் காண்பது வேறொன்று. அன்று கையெழுத்துப் போட அவளை விடவில்லை. இன்று போடச் சொல்கிறோம், வாசிக்க விடுவதில்லை.

ஓர் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. ஒரு நாள் மாரடைப்பால் திடீரென்று காலமாகிவிட்டார். அந்தியேட்டி முடிந்த கையோடு அந்த அக்கா ஒரு பை நிறையக் கடிதங்களோடு என்னிடம் வந்தார். பலவற்றின் உறை கூடப் பிரிக்கப்படவில்லை. பார்த்தால், பதினொரு வருடமாக அவர் அந்தக் கம்பனியின் இயக்குநர். கடைக்காக எடுத்த வங்கிக் கடனுக்கு, வீட்டை வைத்து, அவரும் பிணை நின்றிருக்கிறார். கையெழுத்து அவருடையதுதான். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, டைரக்டர் எண்டால் என்ன?"

மனைவி கணவனின் கடனுக்குப் பிணை நிற்கும்போது வங்கி என்ன செய்ய வேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. 2001ஆம் ஆண்டு, எட்ரிட்ஜ் வழக்கிலே, பிரபுக்கள் சபை வழங்கியது. ஒரு சொலிசிட்டர் அந்தப் பெண்ணை, கணவன் பக்கத்தில் இல்லாமல், நேருக்கு நேர் சந்தித்து, அவளுக்கு விளங்கும் மொழிநடையில், வீடே போகக்கூடும் என்பதையும், கையெழுத்துப் போடுவதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அருமையான தீர்ப்பு. அப்படி யாராவது உங்களுக்குச் சொன்னார்களா என்று நான் கேட்டேன். அக்கா சொன்னார்: "சொலிசிட்டர் இங்கிலீசில நிறையச் சொன்னவர். எனக்கு விளங்கேல்லை. பிறகு இவரைத்தான் உள்ளுக்குக் கூப்பிட்டுத் தமிழில சொல்லச் சொன்னவை. இவர் ஒண்டுமில்லை, கடைக்குக் காசு எடுக்கிறதுக்கு, போடு எண்டார். போட்டன்."

சட்டம் கணவனை வெளியே இருக்கச் சொன்னது. மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரில் அவரை மறுபடி உள்ளே அழைத்துவிட்டார்கள். அவர் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். மனைவிக்கு ஏன் தலையிடி என்று நினைத்தவர். அந்த அன்பின் விலை, முப்பது வருடம் இருந்த வீடு. அதை விற்றுத்தான் கடனைக் கட்டினார். இப்போது மகளோடு இருக்கிறார்.

அந்தக் கடையின் கணக்கை நான் பார்க்கவில்லை. அதனால் நான் சுத்தமானவன் என்று சொல்லவும் முடியாது. எத்தனை தடவை, கணக்கறிக்கையில் மஞ்சள் துண்டு ஒட்டி, "இதிலே மிஸிஸைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கோ" என்று கணவரிடமே நான் கொடுத்துவிட்டிருக்கிறேன்! அந்த மஞ்சள் துண்டும் ஒரு அநீதிதான் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது இயக்குநர் எவராக இருந்தாலும் அவரோடு நேரே பேசாமல் கடதாசி கொடுப்பதில்லை. சிலருக்கு அது பிடிப்பதில்லை. "எங்கட வீட்டு விசயத்தை ஏன் அவவிட்டைச் சொல்லுறீர்?" என்று கேட்டவர்களும் உண்டு. அவவின் வீடும் அதுதானே ஐயா!

எல்லோரும் அந்த நல்ல மனிதரைப் போல இருப்பதில்லை. சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பஸ் காசுக்கும் கணக்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனைவியின் பெயரில் அவளுக்குத் தெரியாமல் கடன் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இதையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. ஒருவரைத் தொடர்ந்து அடக்கி ஆளுவது 2015ஆம் ஆண்டிலிருந்து தனிக் குற்றம். ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனை உண்டு. அடி விழுந்த தழும்பு இருந்தால்தான் முறைப்பாடு செய்யலாம் என்பதில்லை. தேசிய குடும்ப வன்முறை உதவித் தொலைபேசி இலக்கம் 0808 2000 247. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம்.

கடைசியாக, சகோதரிகளுக்குச் சில காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, விளங்காத மொழியில் உள்ள எதிலும் கையெழுத்து வேண்டாம். சொலிசிட்டர் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அது கணவராகவோ மகனாகவோ இருக்கக் கூடாது. இரண்டாவது, உங்கள் பெயரில் எந்தக் கம்பனி, எந்தக் கடன், எந்த வங்கிக் கணக்கு இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிபிட் வேலைக்குப் போகாத தாயின் பெயரில் இருக்கட்டும். ஏனென்றால் கடைசிப் பிள்ளைக்கு 12 வயது ஆகும் வரை, அந்த விண்ணப்பத்தின் மூலம்தான் உங்களுடைய தேசியக் காப்புறுதிக் கணக்கில் வருடங்கள் சேரும். முழு அரச ஓய்வூதியம் பெறப் பொதுவாக 35 வருடங்கள் வேண்டும், ஏதாவது கிடைக்கவே 10 வருடங்கள் வேண்டும். கணவரின் வருமானம் கூடியதால் காசு வேண்டாம் என்றாலும், விண்ணப்பத்தை மட்டும் போட்டு வையுங்கள். பிள்ளை வளர்த்த காலம் வெறும் காலமாகப் போகக் கூடாது.

ஆண்களுக்கு ஒன்றே ஒன்று. இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேசையைத் துடைத்துவிட்டு, உங்கள் வீட்டுக் கடதாசிகளை எல்லாம் எடுத்து மனைவிக்கு முன்னால் வையுங்கள். கடன் இருந்தால் கடனையும் காட்டுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் இல்லாத ஒரு நாளில், முன்பின் தெரியாத ஒரு கணக்காளன் முன்னால் அவர் அந்தப் பையைக் கொட்டுவதைவிட, நீங்கள் இருக்கும்போதே இருவருமாகப் பார்ப்பது நல்லது.