பாடு என்றொரு சொல்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் பேச எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'அண்டைத் தீவு நாடுகளின் ஒத்துழைப்பு: பண்பாடு, விளையாட்டு, பொருளாதாரம்' என்பது. அயலுறவுத் துறை அதிகாரி ஒருவருக்குத் தர வேண்டிய தலைப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். எனக்குப் பழக்கமான நீர்ப்பரப்பு பழவேற்காட்டு ஏரி ஒன்றுதான். எனவே அந்தக் கரையிலிருந்தே புறப்பட்டு, இயன்ற தொலைவு வரை போய்த் திரும்புகிறேன்.

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் இதில் நீர் சேர்க்கின்றன. கிழக்கே முகத்துவாரத்தின் வழியே வங்கக்கடல் உள்ளே வந்து போகிறது. ஏரிக்குள்ளும் தீவுகள் உண்டு. வேனாடு, இருக்கம் ஆகியவை அவற்றுள் சில. ஏரியையும் கடலையும் பிரித்துக் கிடக்கும் நீண்ட மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று, தென்கோடிதான் தமிழ்நாட்டுக்கு. இருக்கம் ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. ஆக, 'அண்டைத் தீவு' என்ற சிக்கலைக் காண நாம் கப்பலேற வேண்டியதில்லை. தோணி போதும்.

இந்த ஏரியில் இறால் பிடிப்போரிடம் வழங்கும் ஒரு சொல்லைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். அச்சொல் 'பாடு'.

கடலில் பிறந்த இறால்குஞ்சு ஓதத்தோடு ஏரிக்குள் வரும். உவர்நீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் மறுபடி கடலுக்குத் திரும்பும். திரும்பும் வழி முகத்துவாரம் ஒன்றே. அந்த வழியின் நீரோட்டத்தில், கழிகளை ஊன்றிச் சுத்துவலை கட்டுவார்கள். இங்கே திறமையைக் காட்டிலும் இடமே பெரிது. நல்ல ஓட்டத்தில் கட்டிய வலைக்குக் குவியல் குவியலாய் இறால் கிடைக்கும். அதன் பின்னால் கட்டியவனுக்குத் தண்ணீர்தான் மிஞ்சும். எல்லாரும் ஒரே நாளில் அதே இடத்துக்குப் போனால் வலை கிழியும். பின்னர் மண்டை உடையும். ஆதலால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று ஊர்களும் முறை வைத்துக்கொண்டன. ஊருக்கு ஊர் முறை. ஊருக்குள் தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு முறை. எந்த இடம் யாருக்கு என்பதற்குச் சீட்டு. இன்று நல்ல இடம் வாய்த்தவர் அடுத்த முறை வேறிடம் போவார். இந்த ஏற்பாட்டின் பெயர் பாடு. அந்த மீன்பிடி இடத்துக்கும் அதுவே பெயர். அதில் ஒருவருக்குள்ள உரிமைக்கும் அதுவே.

தமிழாசிரியர்கள் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். 'படு' என்னும் வினையிலிருந்து 'பாடு' வருவதை நான் விளக்கத் தேவையில்லை. மீன் வலையில் படுவது மீன்பாடு. உடல் வருந்த உழைப்பது பாடுபடுதல். 'அவன் பாடு அவனுக்கு' என்கிறோம். வைத்துப் பார்த்தால் உடன்பாடும் முரண்பாடும் கட்டுப்பாடும் இடர்ப்பாடும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கின்றன. எனக்குத் தந்த தலைப்பின் முதற்சொல்லாகிய பண்பாடும் அப்படியே. ஆங்கிலத்தின் 'கல்ச்சர்' என்பதற்கு அச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தவர் ரசிகமணி டி.கே.சி. என்று வையாபுரிப் பிள்ளை குறித்திருக்கிறார். வட்டத்தொட்டி என்ற பெயரில் ஓர் இலக்கிய வட்டம் நடத்தியவர் அவர்; ஆகவே அந்தச் சொல்லுக்கு நம்மைப் போன்றோர் மேல் கொஞ்சம் உரிமை உண்டு. நெய்தற்கலியில், பண்பு என்பது யாது என்று தோழி சொல்லும் இடத்திலும் 'பாடு' வருகிறது. அந்த அடி உங்களில் பலருக்கு நெட்டுருவாகத் தெரியும். உரைகாரர் அங்கே உலக ஒழுக்கம் என்று பொருள் கொள்வர். பழவேற்காட்டுக் குப்பத்துப் பொருளையும் அதன்மேல் ஏற்றிப் படிப்பது என் ஆசை. புலவர்கள் பொறுத்தருள வேண்டும்.

இனித் தீவு நாடுகளுக்கு வருகிறேன். நமக்கு மிக அருகிலுள்ள தீவு நாடு இலங்கை. அங்கே நீர்கொழும்புக் களப்பில், பழவேற்காட்டைப் போலவே கழி நட்டு, இறாலுக்கு வலை கட்டுகிறார்கள். சிங்களத்தில் அதைக் 'கட்டுதெல்' என்பர். நான்கு மீனவர் சங்கங்கள் அந்த உரிமையைத் தம்முள் பகிர்ந்துகொள்கின்றன. இடங்கள் சீட்டில் முடிவாகின்றன. 1958-இல் அந்த வழக்கத்தை இலங்கை அரசு சட்ட விதியாகவே ஏற்றுக்கொண்டது. நீர்கொழும்பு மீனவரில் ஒரு பகுதியார் தமக்கே உரிய ஒரு தமிழை வீட்டில் பேசுகின்றனர். கோயிலில் சிங்களத்தில் வழிபடுகின்றனர். கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்ற பெயர் இலங்கைக் கடற்கரையில் தமிழிலும் சிங்களத்திலும் உண்டு. கிளிநொச்சிக் கரையில் வலைப்பாடு என்று ஊரே இருக்கிறது. இந்த முறை எங்கிருந்து எங்கே போயிற்று என்ற ஆராய்ச்சிக்குள் நான் நுழையவில்லை. கடலின் இரு கரையிலும் ஒரு சொல்லும் ஒரு முறையும் வழங்குகின்றன என்பது எனக்குப் போதும்.

பழவேற்காட்டுக்கு வேறு தீவுகளோடும் உறவு இருந்தது. 1610-இல் விசயநகர அரசரிடம் இசைவு பெற்று இங்கே கால் ஊன்றிய டச்சுக்காரர், 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். இங்கே நெய்த துணியைக் கொண்டுபோய்க் கிழக்கே மொலுக்கத் தீவுகளில் கொடுத்துச் சாதிக்காயும் கிராம்பும் வாங்கினர். அதே துறையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதரையும் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றினர். வணிகத் தொடர்பைப் பாராட்டிப் பேசுவோர் இந்த இரண்டாவது சரக்கைப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் ஆங்கிலேயர் காலத்தில், இந்தக் கரையின் கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி கரீபியத் தீவுகள் வரை போயிற்று. ஆங்கில வணிகக் கணக்குகளில் அத்தகைய துணிக்குப் 'புலிகாட்' என்றே ஒரு பெயர் உண்டு. இன்றும் செயின்ட் லூசியா, டொமினிக்கா போன்ற தீவுகளில் பெண்களின் தேசிய உடை 'மெட்ராஸ்' துணியில்தான். நம் ஊரில் அதையே லுங்கியாகக் கட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போகிறோம். அங்கே அது விழாக்கோலம்.

அந்தக் கரீபியத் தீவுகளைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். என் தலைப்பிலுள்ள மூன்றும் அங்கே ஒன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டன.

விளையாட்டில் அவர்கள் 1928 முதல் ஒரே அணி. தனித்தனிக் கொடி, தனித்தனி நாணயம், தனித்தனிப் பிரதமர் வந்த பிறகும் மேற்கிந்தியத் தீவுகள் என்ற பெயரில் ஒரே அணியாகவே டெஸ்ட் ஆட்டம் ஆடுகின்றனர். 1975-லும் 1979-லும் உலகக் கோப்பையை வென்றனர். தீவு அல்லாத கயானாவும் அந்த அணியில் சேர்த்தி. அங்கிருந்து வந்த சுழற்பந்து வீச்சாளர் இருவரின் பெயர்கள் நாகமுத்து, வீராசாமி பெருமாள். கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவரின் பெயர்கள் அப்படியே நிற்கின்றன. கல்வியில் 1948-இலேயே பொதுப் பல்கலைக்கழகம் கண்டனர். ஆனால் 1958-இல் பத்து மாநிலங்களாகச் சேர்ந்து அமைத்த கூட்டாட்சி, நான்கே ஆண்டுகளில், 1962-இல் கலைந்தது. வரி யாருக்கு, செலவு யாருடையது, யார் எங்கே குடியேறலாம் என்பன போன்ற கேள்விகளில் அது முறிந்தது. 1961-இல் ஜமைக்கா மக்கள் வாக்களித்து வெளியேறினர். பத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை என்று டிரினிடாட்டின் எரிக் வில்லியம்ஸ் ஒரு புதுக் கணக்குப் போட்டார். பிறகு 1973-இல் கரீபியச் சமூகம் என்ற பொருளாதாரக் கூட்டு எழுந்தது.

இனிதான் நான் சொல்ல வந்தது. பார்படோஸ் தீவினரின் தேசிய உணவில் பறக்கும் மீன் உண்டு. நம் கடற்கரையில் கோலா என்போமே, அந்த இனம். அந்த மீன் எல்லை பார்க்காமல் டிரினிடாட்-டொபேகோ பக்கம் போகும், பின்னாலேயே பார்படோஸ் படகுகளும் போகும், படகுக்காரர் சிறைப்படுவர். பேசிப் பேசி முடியாமல் 2004 பிப்ரவரியில் பார்படோஸ் இவ்வழக்கைப் பன்னாட்டு நடுவர் முன் கொண்டுபோயிற்று. அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஏப்ரலில், ஆன்டிகுவா ஆட்டக்களத்தில் பிரையன் லாரா ஆட்டமிழக்காமல் நானூறு ஓட்டம் எடுத்தார். லாரா டிரினிடாட்காரர். அந்த அணியின் வேகப்பந்து வீச்சாளர் நால்வரும் பார்படோஸ்காரர். மைதானத்தில் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டார்கள். நடுவர் மன்றத்தில் அவர்களுடைய அரசுகள் எதிரெதிராக நின்றன. 2006-இல் தீர்ப்பு வந்தது. நடுவர்கள் கடலில் கோடு போட்டார்கள். மீன்பிடி உரிமை வழங்கத் தமக்கு அதிகாரமில்லை என்றும், இரு நாடுகளும் நல்லெண்ணத்துடன் பேசி ஓர் உடன்பாடு காண வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

கலையும் ஆட்டமும் ஒரே ஆண்டில் ஒரு கடலைத் தாண்டிவிடும். ஒருவன் பாடினால் மற்றவனின் பாட்டு குறைவதில்லை. மீன் அப்படியல்ல, ஒருவன் வலையில் பட்டது மற்றவன் வலையில் படாது. அந்த இடத்தில்தான் முறை என்று ஒன்று தேவைப்படுகிறது. கூட்டறிக்கைகளில் பண்பாட்டுக் குழுப் பரிமாற்றத்தைப் பற்றி நாலு பக்கமும் பங்கீட்டைப் பற்றி நாலு வரியும் இருப்பதன் காரணம் இதுதான் என்று எண்ணுகிறேன்.

பாக் நீரிணையையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரைத் தமிழரும் வருகிறார்கள். சேர்ந்து தேர் இழுக்கிறார்கள். 1974 ஒப்பந்தத்தில் அந்தத் திருவிழாவுக்கும் இடமுண்டு. நம் பக்கத்தில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் சண்டை முற்றியபோது, திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு என்று நாள் பிரித்தார்கள். அதுவும் ஒரு வகைப் பாடு. ஆனால் எதிர்க்கரையின் சிறு வலைக்காரருக்கு அந்த முறையில் ஒரு நாளும் வைக்கவில்லை. போர் முடிந்து யாழ்ப்பாணத்து மீனவர் கடலுக்குத் திரும்பியபோது, அவர்கள் விரித்த வலைகளை நம் இழுவைமடிகள் அறுத்துச் சென்றன. 2017-இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. இந்திய மீனவர் சிறைப்படுவதும் படகு பறிபோவதும் நமக்குச் செய்தியாக வருகின்றன, வர வேண்டியவையே. அறுந்த வலையைப் பற்றி அக்கரையினரும் தமிழில்தான் அழுகிறார்கள். அதைக் குறித்து நம் கவிஞர்கள் ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறார்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

பழவேற்காட்டுப் பாட்டை நான் பொற்காலமாகக் காட்டவும் விரும்பவில்லை. முறை என்று வந்தால், முறைக்குள் இருப்பவர், வெளியே நிற்பவர் என இரு சாரார் உண்டாகிவிடுவர். பாட்டுரிமை பட்டினவர் சமூகத்துத் தலைக்கட்டுக்குரியது. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு, மற்றச் சாதியாரும் சமயத்தாரும் 'எங்களுக்கு ஏன் பங்கில்லை' என்று கேட்டார்கள். மோதல்கள் நடந்தன, அதிகாரிகள் முன் பேச்சுகள் நடந்தன. தலைக்கட்டு என்பது ஆணின் கணக்கு; கூடையைச் சுமந்து மீன் விற்கும் பெண் அதில் வரமாட்டாள். இருளர் பெண்கள் ஆழமில்லாத சேற்றுநீரில் இறங்கி, ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கையாலும் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, சீட்டும் இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் அமைந்தபோது அத்தீவிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் யானாதிகளும் உண்டு. ராக்கெட் புறப்படுவதை நாம் கரையில் நின்று கைதட்டிப் பார்க்கிறோம்.

முகத்துவாரம் கோடையில் மணல் மூடிக்கொள்கிறது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் இயங்கத் தொடங்கியது. அடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அதை விரிவாக்கும் திட்டத்தைக் குப்பங்கள் பல ஆண்டுகளாக எதிர்க்கின்றன. கடல் உள்ளே வராவிட்டால் இறால் வராது. இறால் இல்லாத ஏரியில் எந்த ஊர் முதல் முறை என்று யாரும் கேட்கப் போவதில்லை. அப்போது சொல்லும் போய்விடும்.

எனவே நம் வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில், கவியரங்குகளுக்கு இடையே, இந்த ஏரியின் சொற்களைத் தொகுக்கலாம். வலைகளின் பெயர், ஓதத்தின் நிலைகள், காற்றுகள். கச்சான் என்றால் நம் கடற்கரையில் காற்று; யாழ்ப்பாணத்துக் கடைத்தெருவில் கேட்டால் வேர்க்கடலை தருவார்கள்! நீர்கொழும்பு அன்பர் ஒருவர் கிடைத்தால் அவர்கள் தமிழையும் பக்கத்தில் வைத்து எழுதலாம். மூன்று குப்பங்களோடு நின்றுவிடாமல், இருளர் பெண்களிடமும், இருக்கம் தீவிலும் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொன்னேரியிலிருந்து பேருந்து இருக்கிறது. வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.