புஸ், டொவ், ஹல்-நீ: பிரயாணத்துக்கு வேண்டிய சொற்கள்

(எஸ்பியர்க்கில் நடைபெற்ற மாலைச் சந்திப்பொன்றில் எமது தொண்டர் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இண்டைக்கு என்னைக் கதைக்கச் சொன்ன விடயம் பஸ், ரெயின், றோட்டு. இதில் என்ன கதைக்கக் கிடக்கு என்று சிலர் யோசிக்கலாம். ஆனால் எங்கள் ஆலோசனை மேசைக்கு வருகிற பிரச்சினைகளில் பல, போக வேண்டிய இடத்துக்கு நேரத்துக்குப் போகாததால் வந்தவை. தனியாக ஒரு பஸ்ஸில் ஏறிப் போய்வரத் தெரியாதவருக்கு வேலை, வகுப்பு, வைத்தியர் எல்லாமே மற்றவரின் கையில். கணவர் வேலையால் வரவேண்டும், அல்லது பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவேண்டும். இந்த நிலை மாறத்தான் இந்தச் சொற்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்தப் பாடத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியிலும், 1958 இல் உருவான இ.போ.ச. பஸ்ஸிலும் எங்கட அப்பா அம்மாமார் படித்த ஆங்கிலம் அது. ஸ்ரேசன், பிளாட்போம், ரிக்கற், சிக்னல், பிறேக், ஹோல்ற் என்று ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சியும் சொன்னவ. பஸ் என்ற சொல்லே 'ஒம்னிபுஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால். அதன் பொருள் 'எல்லோருக்கும்'. டெனிஸ்காரர் அதைப் 'புஸ்' என்கிறார்கள். ஆக எல்லோருக்கும் உரிய வண்டியில் ஏற நாங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனி, தெரிந்த ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு டெனிசுக்குப் போவம். ஸ்ரேசன் இங்கே 'ஸ்டஷோன்'. ரிக்கற் 'பிலெற்'. பஸ் தரிப்பிடம் 'ஸ்டொப்பஸ்டெத்'. அதற்குள் 'ஸ்டொப்' இருக்கிறதைக் கவனியுங்கோ. றோட்டுப் பெயர்களின் முடிவில் வருகிற 'வை', ஆங்கில 'வே'யின் சகோதரம். ரெயின் மட்டும் முற்றிலும் வேறு, அது 'டொவ்'. எழுத்தில் கடைசியில் 'க்' இருக்கும், வாயில் வராது. பிளாட்போம் இலக்கத்தைக் கேட்டால் 'ஸ்போர்' என்று சொல்லுவார்கள். 'ஸ்போர் ரெண்டு' என்றால் இரண்டாவது தண்டவாளத்தில் நிற்கிற ரெயின்.

ஸ்ரேசன் பலகையில் ஐந்து சொற்களைப் படித்தால் போதும். 'அவ்காங்' புறப்பாடு. 'அன்கொம்ஸ்ற்' வருகை. 'ஃபொசிங்கெத்' தாமதம். 'அவ்லூஸ்ற்' என்றால் அந்த ரெயின் ஓடாது. 'டொவ்புஸ்' என்றால் ரெயினுக்குப் பதிலாக பஸ் விட்டிருக்கிறார்கள். அப்போது பிளாட்போமில் நிற்காமல் வெளியே போய் பஸ்ஸைத் தேடுங்கோ. கடைசி இரண்டு சொற்களும் தெரியாததால் காலியான தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் குளிரில் நின்றவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது மிக முக்கியமான விடயம்: மணி. நாங்கள் 'எட்டரை' என்று சொன்னால் எட்டு முடிந்து அரை மணி. இங்கிலாந்தில் 'ஹாஃப் எயிற்' என்றாலும் அதே எட்டரைதான். ஆனால் டெனிசில் எட்டரைக்கு 'ஹல் நீ' என்பார்கள். 'நீ' என்றால் ஒன்பது. அதாவது ஒன்பதை நோக்கிப் பாதி வழி. ஆங்கிலம் தெரிந்த காதுக்கு அது 'ஹாஃப் நைன்', ஒன்பதரை என்று கேட்கும். ஒரு மணித்தியாலம் பிழை!

ஒரு தங்கைச்சி எங்களிடம் வந்தா. லண்டனில் கொஞ்சக் காலம் இருந்தவ, ஆங்கிலம் நல்லாக் கதைப்பா. வேலை நேர்முகத்துக்கு ரெலிபோனில் 'ஹல் நீ' என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது இருபதுக்கே போய், பத்து நிமிடம் முந்தி வந்த சந்தோசத்தில் கதிரையில் இருந்திருக்கிறா. அவர்கள் எட்டரையிலிருந்து பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த வேலை கிடைக்கவில்லை. அவவுக்கு அறிவு குறைவா? இல்லை. ஒரு சொல் குறைவு.

ஆகவே ரெலிபோனில் நேரம் சொன்னால் உடனே இலக்கத்தில் திருப்பிக் கேளுங்கோ: 'எயிற் தேர்ட்டி?' என்று ஆங்கிலத்தில் கேட்டாலும் பரவாயில்லை. பலகையிலும் பிரயாணச் செயலியிலும் 24 மணிக் கணக்கில் 8.30, 20.30 என்றுதான் இருக்கும். எழுத்தில் குழப்பமில்லை, காதில்தான் குழப்பம். இன்னொன்று: 'ஃபெம் இ ஹல் நீ' என்றால் எட்டரைக்கு ஐந்து நிமிடம் இருக்கு, 8.25. 'ஃபெம் ஓவர் ஹல் நீ' என்றால் 8.35.

இலக்கமும் அப்படித்தான். நாங்கள் 'இருபத்தைந்து' என்று இருபதை முன்னுக்குச் சொல்லுவம். இவர்கள் 'ஃபெம் ஓ டூவ', ஐந்தும் இருபதும் என்பார்கள். கேட்ட ஒழுங்கில் எழுதினால் 52 ஆகிவிடும். பஸ் இலக்கம் கேட்கும்போது ஒரு துண்டுக் கடதாசியையும் பேனையையும் நீட்டுங்கோ. எழுதித் தருவார்கள், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

காசு விடயம். ஊரில் கொண்டக்டர் எங்களைத் தேடி வருவார். இங்கே நாங்கள்தான் பதிய வேண்டும். 'றைசகோர்ட்' முறையில் ஏறும்போது செக் இன், பயணம் முடியும்போது 'செக் ஊத்'. லண்டன் பஸ்ஸில் ஏறும்போது மட்டும் அட்டையைத் தொட்டால் போதும், இறங்கும்போது தேவையில்லை. அந்தப் பழக்கத்தோடு இங்கே வருகிற உறவினருக்கு முதலே சொல்லிவையுங்கோ, எங்கட பஸ்ஸில் இறங்கும்போதும் பதிய வேண்டும். 2024 இல் இதற்கு ஒரு கைத்தொலைபேசிச் செயலி வந்தது. பழைய பிளாஸ்ரிக் அட்டை அதற்கு வழிவிடுகிறது. வயது போனவர்களுக்கு அதைப் போனில் போட்டுக் கொடுக்கிறது பிள்ளைகளின் கடமை.

றோட்டுக்கு வருவம். இலங்கையில் வாகனம் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். கடக்கும்போது முதலில் இடதுபக்கம் பாருங்கோ, பிறகு வலது, திரும்பவும் இடது. சுவீடன் நாடே 1967 செப்டெம்பர் 3 இல் ஒரே நாளில் இடமிருந்து வலத்துக்கு மாறியது. எங்கட கழுத்துக்கும் அது பழகும். 'சைக்கிள் ஸ்டீ' என்பது சைக்கிள் பாதை. அதில் நடக்கவேண்டாம், பஸ்ஸால் இறங்கும்போது சைக்கிள் வருகுதோ என்று பார்த்துக் காலை வையுங்கோ. மார்கழியில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும், சைக்கிளுக்கு முன்னும் பின்னும் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். 'ஃபாட்கொன்ட்ரோல்' என்ற பலகையைக் கண்டு ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டெனிசில் 'ஃபாட்' என்றால் வேகம். கார் ஓட்டுகிறவர் மெதுவாகப் போகட்டும். விபத்து என்றால் 112.

ரெயின் ஓடாத நாளில் என்ன செய்வது? பலகையைப் போனில் படம் எடுங்கோ. போக வேண்டிய இடத்துக்கு, சந்திப்பு நேரத்துக்கு முந்தியே அழைத்து, 'மிட் டொவ் எர் அவ்லூஸ்ற்', அல்லது ஆங்கிலத்தில் 'மை ரெயின் இஸ் கான்சல்ட்' என்று சொல்லுங்கோ. முந்திச் சொன்னால் அது அறிவித்தல். பிந்திச் சொன்னால் சாட்டு.

கடைசியாக ஒன்று. பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் எங்களிடம் இருக்கு. பிள்ளை கெட்டித்தனமாகக் கதைக்கும். ஆனால் தாயின் வருத்தத்தையும் கடன் கடிதத்தையும் பிள்ளை சுமக்கக்கூடாது. ரிக்கற்றில் தொடங்குங்கோ, வைத்தியரிடம் தனியே கதைக்கிற நாள் தானாக வரும்.

பழைய வாத்தியார் வீட்டுவேலை தராமல் விடமாட்டேன். அடுத்த சந்திப்புக்கு முதல், ஒவ்வொருவரும் தனியாக எஸ்பியர்க்கிலிருந்து றீபேக்கு ரெயினில் போய்வாருங்கோ. டென்மார்க்கின் மிகப் பழைய நகரம், பெரிய தேவாலயம் இருக்கு. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். வழியில் கண்ட, கேட்ட பத்துச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு வாருங்கோ. பிழையாக எழுதினாலும் பரவாயில்லை, திருத்துவம்.