பட்ட மரத்தை உடனே வெட்டணுமா?

நம்ம கிரிவலப் பாதையில ஒரு மரம் பட்டுப்போனா, "எப்போ வெட்டுவாங்க?"ன்னுதான் நானும் கேட்பேன்.

1990களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் சால் காடுகளில், லட்சக்கணக்கான மரங்களைத் துளைப்பான் வண்டு தாக்கியது. பரவாம தடுக்கணும், கட்டையும் வீணாகக் கூடாதுன்னு வெட்ட ஆரம்பிச்சாங்க. விஷயம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

இதுல ஒண்ணு கவனிங்க. புதுசா வெட்டின சால் மரத்தோட சாறு வாசனைக்கே அந்த வண்டு தேடி வரும். வனத்துறை அதையே பொறியா வச்சுத்தான் வண்டு பிடிக்குது. புழு உள்ளே இருக்கிற மரத்தை மழைக்கு முன்னாடி அகற்றுவது சரி. வண்டு பறக்கிற மழைக்காலத்துல கண்டபடி வெட்டிப் போட்டா, அது விருந்துக்குக் கூப்பிடுற மாதிரி.

வண்டு போன பிறகு நிற்கும் பட்ட மரத்துல மரங்கொத்தி பொந்து போடும்; கிளியும் ஆந்தையும் குடியேறும்.

ரோட்டுல சாயுற மரத்தை வெட்டுங்க. மலைமேல நிக்கிறதை விட்டுடலாமே?