சராசரி எந்தப் பக்கம் சாயும்?

கையருகே தாளும் பேனாவும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இன்று எல்லாமே சின்ன எண்கள்தான்.

ஒரு வகுப்பில் 30 மாணவர்கள், 20 மாணவிகள். மாணவர்களின் சராசரி மதிப்பெண் 60. மாணவிகளின் சராசரி 70. வகுப்பு முழுவதற்கும் சராசரி எவ்வளவு?

அறுபதையும் எழுபதையும் கூட்டி இரண்டால் வகுத்து, 65 என்று சொல்லத்தான் நாக்கு துடிக்கும். கேள்வித்தாள் தயாரிப்பவருக்கும் அது தெரியும். கொடுக்கும் நான்கு விடைகளில் ஒன்றாக அந்த 65-ஐ வைத்துவிடுவார். சரியான விடை 64. மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து வாங்கியது 1800, மாணவிகள் வாங்கியது 1400. ஆகமொத்தம் 3200. அதை 50 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 64 வருகிறது.

இதைத்தான் நிறையிட்ட சராசரி என்கிறோம்; இங்கே ஆள் எண்ணிக்கைதான் நிறை. எஸ்.எஸ்.சி. தேர்வு, வங்கித் தேர்வு என்று எதை எழுதப் போனாலும் ஏதாவது ஒரு வேடத்தில் இந்தக் கணக்கு வந்து நிற்கும். எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வின் முதல் கட்டத்தில் 100 கேள்விகள், 60 நிமிடங்கள். கணக்குப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 36 விநாடி. தவறாக எழுதினால் அரை மதிப்பெண் கழிந்துவிடும். அந்த அவசரத்தில் 65 கண்ணில் பட்டதும் கை அங்கேதான் போகும்.

ஆகவே பேனாவைத் தொடுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம் ஆள் அதிகம்? மாணவர்கள்தான் அதிகம். அப்படியானால் சராசரி அவர்களுடைய 60-ஐ நோக்கித்தான் சாய வேண்டும். விடை 65-க்குக் கீழே. ஒரு கூட்டல்கூடப் போடாமல் இரண்டு விடைகளை அடித்துவிடலாம்.

எவ்வளவு சாயும்? பூங்காவில் பிள்ளைகள் ஏறி ஆடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். கனமானவர் நடுவுக்கு அருகில் உட்கார்ந்தால்தான் பலகை சமநிலையில் நிற்கும். இங்கே 64-லிருந்து 60-க்கு நான்கு படி, 70-க்கு ஆறு படி. 30 பேர் நான்கு படி தள்ளி, 20 பேர் ஆறு படி தள்ளி. இரண்டு பக்கமும் 120. சரியாக நிற்கிறது.

இது புரிந்துவிட்டால் தலைகீழாகக் கேட்டாலும் பயமில்லை. கிலோ 48 ரூபாய் அரிசியையும் 60 ரூபாய் அரிசியையும் கலந்து, கிலோ 52 ரூபாய் அடக்கத்துக்கு வர வேண்டும். என்ன விகிதத்தில் கலப்பது? 52-லிருந்து 48-க்குத் தூரம் நான்கு, 60-க்குத் தூரம் எட்டு. விலை குறைந்தது பாதித் தூரத்தில் இருப்பதால் அது இரண்டு மடங்கு வேண்டும். இரண்டுக்கு ஒன்று. பயிற்சி மையங்களில் இதற்கு ஒரு குறுக்குக் கட்டம் போட்டு, மூலைக்கு மூலை கழிக்கச் சொல்லித் தருகிறார்கள். கட்டம் தவறல்ல. ஆனால் காரணம் தெரியாமல் கட்டத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை, பரீட்சை அறையில் எந்த எண்ணை எந்த மூலையில் போடுவது என்று திணறும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இன்னொன்று. 24 மாணவர்களின் சராசரி வயது 14. ஆசிரியரையும் சேர்த்தால் சராசரி 15. ஆசிரியரின் வயது என்ன? 24 பேர் ஒவ்வொருவரும் ஒரு படி கீழே இருக்கிறார்கள். ஒற்றை ஆளாக அதை ஈடுகட்ட வேண்டுமானால் ஆசிரியர் 24 படி மேலே இருக்க வேண்டும். 15-உம் 24-உம் 39. அவ்வளவுதான்.

இனி வருவது கொஞ்சம் வில்லங்கமானது. ஒருவர் ஓர் ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். அதே வழியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார். சராசரி வேகம்? போன தூரமும் வந்த தூரமும் ஒன்றுதானே, இரண்டு பக்கமும் சமம்தானே, 50 என்று தோன்றும். இல்லை. மணிக்கு இத்தனை என்று சொல்லும்போது அங்கே நிறை, தூரம் அல்ல, நேரம். தூரம் 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக இரண்டு மணி, வர மூன்று மணி. ஐந்து மணி நேரத்தில் 240 கிலோமீட்டர் என்றால் மணிக்கு 48. மெதுவாக வந்த பக்கம்தான் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டது, சராசரியும் அந்தப் பக்கமே சாய்ந்தது. இவ்வகைக் கணக்குகளில் பெருக்குவதும் வகுப்பதும் சுலபம். எது நிறை என்று கண்டுபிடிப்பதில்தான் மூளைக்கு வேலை.

இந்தக் கணக்கு இன்றைக்கு முளைத்ததல்ல. 1150-ஆம் ஆண்டில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் தங்கக் கணக்குக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஒரு வணிகனைப் பார்த்துக் கேட்கிறார். மாஷம் என்பது எடை அளவு, மாற்று என்பது தங்கத்தின் தரம். 10 மாஷம் எடையில் 13 மாற்றுத் தங்கம், 4 மாஷம் 12 மாற்று, 2 மாஷம் 11 மாற்று, இன்னொரு 4 மாஷம் 10 மாற்று. எல்லாவற்றையும் உருக்கிச் சேர்த்தால் மாற்று என்ன? வெறும் மாற்றுகளை மட்டும் கூட்டி நான்கால் வகுத்தால் பதினொன்றரை வரும். அப்படி விற்றால் வணிகனுக்கு நஷ்டம். எடையால் பெருக்கிக் கூட்டுங்கள்: 130, 48, 22, 40. மொத்தம் 240. எடை 20. மாற்று 12.

எண்களை எவ்வளவு யோசித்து எடுத்திருக்கிறார் பாருங்கள். 12-ஐ நடுவில் வைத்தால், முதல் கட்டி 10 அளவு மேலே இழுக்கிறது. மூன்றாவது 2 அளவும் நான்காவது 8 அளவும் கீழே இழுக்கின்றன. பத்துக்குப் பத்து சரியாகிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

அதோடு அவர் விடவில்லை. அந்த 20 மாஷத்தைப் புடம் போட்டதில் எடை 16 ஆகக் குறைந்தால் மாற்று என்ன என்கிறார். போனது கசடுதான், தங்கம் அப்படியே இருக்கிறது. ஆகவே அந்த 240 மாறாது. அதை 16-ஆல் வகுத்தால் 15 மாற்று. அடுத்த கேள்வியையும் அவரே வைக்கிறார். அதை உங்களிடம் விடுகிறேன்: புடம் போட்டபின் மாற்று 16 ஆனால், மிஞ்சும் எடை எத்தனை மாஷம்?