கவசமும் கணக்கும்

(நெருப்பெரிச்சலில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



2019 டிசம்பர் 26இல் நம் கொங்கு நாட்டில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. அன்றைக்கும் கர்ப்பிணிகளை அறைக்குள் பூட்டிக் குழம்புச் சட்டியில் தர்ப்பையைப் போட்ட வீடுகள் உண்டு. முன்னே ராகு கடிக்கிறான் என்றார்கள். இப்போது ‘ரேடியேஷன்’ என்கிறார்கள். பெயர்தான் மாறிற்று. சந்திரன் குறுக்கே வந்தால் வெளிச்சம் குறையுமேயொழிய, புதுக் கதிர் எங்கிருந்து வரும்? 2020இல் மத்திய சர்க்காரின் காமதேனு ஆணையத் தலைவரே சாணிச் சில்லொன்றைக் காட்டி, செல்போன் கதிருக்கு இது கவசம் என்றார். ஆதாரம் எங்கே என்று நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் எழுதிக் கேட்க வேண்டியதாயிற்று.

நிற்க. மெய்யாகவே கதிருக்குள் போகிறவன் என்ன செய்கிறான்? விண்வெளி நிலையத்தில் ஐந்தாறு நாள் இருந்தாலே, பூமியில் ஒரு வருஷத்துக்கு இயற்கையாய்ப் படும் கதிர் பட்டுவிடும். நம் நாட்டு சுபான்ஷு சுக்லா 2025இல் அங்கே 18 நாள் இருந்தார்.

நிலையத்துக்கு வெளியே போக அமெரிக்கர் போடும் உடையில் உள்ளே இருப்பது, பனியன்காரர்களே கேளுங்கள், நைலானும் லைக்ராவும் கலந்த துணி! அதில் சுமார் 90 மீட்டர் தண்ணீர்க் குழாய் கோத்திருக்கிறது. மேலே நைலான், பாலியெஸ்டர், அலுமினியம் பூசிய தகடு. எல்லாம் சேர்த்து 14 அடுக்கு. இவ்வளவு செய்தும், வேகங்குறைந்த மின்துகளைத்தான் இது தடுக்கும், அண்டக் கதிரைத் தடுக்காது என்று செய்தவர்களே சொல்லுகிறார்கள். எந்தத் தாயத்துக்காரன் இப்படிச் சொல்லியிருக்கிறான்?

ஈயத்தைக் கட்டிக்கொண்டால் என்ன என்பீர்கள். அண்டக் கதிர் கனத்த அணுவில் மோதினால் புதுத் துகள்களைக் கிளப்பிவிடும். எடைக்கு எடை பார்த்தால், ஹைட்ரஜன் மிகுந்த தண்ணீரும் பாலித்தீனுமே மேல். ஆம், நாம் பனியன் போட்டு அனுப்பும் பையின் சரக்கேதான்!

இது எப்படித் தெரிந்தது? உடலையும் உடையையும் அடுக்கடுக்காய்க் கம்ப்யூட்டரில் வைத்து, ஒவ்வொரு துகளும் எங்கே நிற்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கையும் அப்படியே நம்புவதில்லை. 2004இல் மனித உடல் போன்ற பொம்மையொன்றை நிலையத்துக்கு வெளியே ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து அளந்தார்கள். தோலில் பட்டதைவிட உள்ளுறுப்புகளில் பட்டது மிகக் குறைவு. நம் சதையே ஒரு கவசம்! 2022இல் ஹெல்கா, சோஹர் என்று இரண்டு பெண் பொம்மைகளைச் சந்திரனைச் சுற்றிவர அனுப்பினார்கள். உடம்பெல்லாம் ஆயிரக்கணக்கான அளவுகருவிகள். சோஹருக்குக் காப்புச் சட்டை உண்டு, ஹெல்காவுக்கு இல்லை. இதில்தான் சங்கதி இருக்கிறது. பெண்ணுடலைக் கதிர் அதிகம் கெடுக்கும் என்று தெரிந்தபின், அவளை அறையில் பூட்டவில்லை. அவள் போவதற்கு வழி பார்த்தார்கள்.

தாய்மார்களே! அடுத்த கிரகணத்தன்று இரண்டு சட்டியில் குழம்பு வையுங்கள். ஒன்றில் மட்டும் தர்ப்பையைப் போட்டெடுங்கள். எதில் போட்டீர்கள் என்று சொல்லாமல் புரோகிதரிடம் கொடுத்து, எதில் கதிர் இருக்கிறதென்று கேளுங்கள்.