கேரம் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதை ஆட்டம்



நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மாலைப் பொழுது எப்படிப் போகும் என்பதை ரந்தாவ், லாபு, பகாவ் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வேலை முடிந்து, குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டுக் கேரம் பலகையைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். யாருக்கு யார் ஜோடி, யார் தோற்றால் முகம் சுளிப்பார் என்பதெல்லாம் எல்லாருக்கும் அத்துப்படி. இப்படி ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடும் கூட்டத்துக்குள் ஓர் இளைஞர் புது ஆட்டத்தைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? இதுதான் இன்றைய பேச்சு.

அந்தப் புது ஆட்டம், பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் ஏற்பார்கள். 'காட்டுக்குள் வெளிச்சம் தெரிகிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று கதை நடத்துபவர் கேட்பார். ஆடுபவர் பதில் சொல்வார். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். வென்றவர், தோற்றவர் என்று யாரும் இல்லை.

"தோற்கிறவன் இல்லாத ஆட்டம் என்ன ஆட்டம்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதே சிக்கல் இந்த ஆட்டம் பிறந்த இடத்திலேயே இருந்தது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் போர் ஆட்டம் ஆடும் நண்பர் கூட்டம் ஒன்று இருந்தது. 1969-இல் அவர்களில் ஒருவரான டேவிட் வெஸ்லி, படைகளை ஒதுக்கிவிட்டு ஒரு கற்பனை ஊரை உருவாக்கினார். நகரத் தலைவர், வங்கிக்காரர் என்று ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தார். ஒரே குழப்பம்! அவரவர் இஷ்டத்துக்குப் பேசினார்கள். ஆட்டம் தோற்றுப்போனது என்றே வெஸ்லி நினைத்தார். ஆனால் ஆடியவர்களோ மறுபடியும் எப்போது என்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன், 1971 வாக்கில் அதை மாயமும் கோட்டையும் நிறைந்த கதையாக வளர்த்தார். பிறகு விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊருக்குப் போய், கேரி கைகாக்ஸ் என்பவரையும் அவருடைய நண்பர்களையும் உட்கார வைத்து ஆடிக் காட்டினார். இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். முதலில் அச்சிட்டது வெறும் 1,000 பெட்டிகள். இன்று உலகம் முழுவதும் ஆடுகிறார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? அவர்கள் விதிப் புத்தகத்தைப் படித்துக் காட்டி யாரையும் இழுக்கவில்லை. பழகிய நண்பர்களோடு, பழகிய மேசையில் ஆடிக் காட்டினார்கள்.

தோட்டத்திலும் அப்படித்தான் தொடங்க வேண்டும். கேரம் பலகையை ஓரங்கட்டக் கூடாது. அது பெரியவர்களுக்கு அவமரியாதையாகப் படும். 'இன்றைக்கு ஒரு மணி நேரம் இதை ஆடிப் பார்ப்போம் மாமா, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்' என்று கேட்கலாம். ஆங்கிலப் புத்தகத்தை வீட்டிலேயே படித்துவிட்டு, தமிழில் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இருபது முகப் பகடை வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. வீட்டில் இருக்கும் தாயக்கட்டையே தொடக்கத்துக்குப் போதும். பந்தயப் பணம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

பாத்திரமேற்பது நமக்குப் புதிதும் அல்ல. கூத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இவர்கள்? பல்லாங்குழியும் மலாய்க்காரர்களின் சொங்காக்கும் ஒரே குடும்பம். நம் தாயத்துக்கு உறவான பச்சீசி இங்கிலாந்துக்குப் போய், 1896-இல் லூடோவாகப் பதிவு செய்யப்பட்டது. ஆட்டங்கள் ஊர் மாறும், பெயர் மாறும். கூடி உட்காரும் பழக்கம் மட்டும் மாறாது.

இன்னொரு முக்கியமான செய்தி. கதைக்கு டிராகன் எதற்கு? பால்மரக் காட்டில் பசுமாடு காணாமல் போகட்டும். 1943-இல் சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வருகிறார்கள் என்ற செய்தி லயத்துக்கு எட்டட்டும். 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில், முள்கம்பி வேலிக்குள் ஒரு குடும்பம் அரிசியைக் கணக்குப் பார்த்துச் சாப்பிடட்டும். 'நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேளுங்கள். பேரன் பதில் சொல்லத் திணறும்போது, 'அப்படி இல்லடா, எங்க அப்பா சொன்னது வேற' என்று ஓரத்தில் இருக்கும் தாத்தா வாய் திறப்பார். அடுத்த வாரம் கதை நடத்தும் நாற்காலியை அவருக்கே கொடுத்துவிடலாம்.

அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலர். கேட்டு வளர்ந்தவர்களுக்கே எழுபது வயதாகிவிட்டது. நீலாய் வட்டாரத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயம் உடைந்து ஆளுக்கொரு தாமானுக்குப் போனபோது, கேரம் பலகையை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். கதைகளை எடுத்துப்போக யாரும் வரவில்லை.

புது ஆட்டம் பழைய கூட்டத்தை உடைத்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. கூட்டம் ஏற்கெனவே சிதறிக்கொண்டுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேரனையும் தாத்தாவையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் எந்த ஆட்டமும் நல்ல ஆட்டம்தான்.