பலகைக்குக் கீழே

சென்னை, கோவை அடுக்குமாடி வீடுகளில் படுக்கையறைக்காவது மரத்தரை போட்டுவிட வேண்டும் என்ற ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. கடையில் கேட்டால், "பழைய டைல்ஸை உடைக்கவே வேண்டாம் சார், மேலேயே போட்டுடலாம், ஒரு நாள் வேலை" என்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்கு முன்னால் தரைக்குச் செய்ய வேண்டிய வேலையைப் பற்றி அதிகம் வாய் திறக்க மாட்டார்கள்.

இந்த மரத்தரைக்கு ஆணியும் கிடையாது, பசையும் கிடையாது. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடிக்குள் 'கிளிக்' என்று போய் உட்காரும். அறை முழுவதும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு, மெல்லிய ஃபோம் விரிப்பின் மேல் பாய் விரித்த மாதிரி சும்மா கிடக்கும். கீழே பள்ளம் இருந்தால், நீங்கள் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பலகை அங்கே அமுங்கி எழும். முதலில் கிறீச்சென்று சத்தம் வரும். நாளடைவில் அந்த நாக்கு முறிந்து, பலகைக்கும் பலகைக்கும் இடையே வாய் பிளக்கும். "ஃபோமை ரெண்டு அடுக்காப் போட்டுட்டா சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மெத்தை கூடக் கூட ஆட்டமும் கூடும்.

சோதிப்பது சுலபம். கொத்தனாரிடம் இருக்கும் நீள அலுமினிய மட்டப்பலகையை வாங்கி, தரையில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு மீட்டர், அதாவது ஆறரை அடி நீளத்துக்கு 3 மில்லிமீட்டர் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் கிட்டத்தட்ட மூன்றரை மில்லிமீட்டர். அந்த ஜோடி மட்டப்பலகைக்கு அடியில் தாராளமாகப் புகுந்து போகிறதா? அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். மேடாக இருந்தால் மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டும். பள்ளமாக இருந்தால், தானாகப் பரவி மட்டமாகும் சிமென்ட் கலவை கடையில் கிடைக்கிறது, அதை ஊற்ற வேண்டும். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று கேட்பதைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தை நிரப்பிவிடுங்கள்.

பழைய வீடுகளில் கூடத்தைக் கழுவிவிடுவதற்காக ஒரு மூலைக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சீராகச் சரிந்து போகும் லேசான வாட்டம் பலகையை ஒன்றும் செய்யாது. மேடு பள்ளம்தான் எதிரி.

அதைவிடப் பெரிய எதிரி ஓதம். பார்வைக்கு உலர்ந்திருக்கும் சிமென்ட் தரை உள்ளுக்குள் ஈரமாக இருக்கலாம். புதுத் தளம் என்றால் நாமே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம், அது எங்கே போகும்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று காய விடுவது பழைய வழக்கம். நாலங்குலத் தளத்துக்கு நாலு மாதம். ஈரம் ஏறினால் பலகைக்குள் இருக்கும் மரத்தூள் அட்டை உப்பி, விளிம்புகள் தூக்கிக்கொள்ளும். அதைப் பிறகு எந்த ஆசாரியாலும் சரிசெய்ய முடியாது.

ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பாலிதீன் ஷீட் ஒன்றை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டுத் தரையோடு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். டைல்ஸ் தரையென்றால் ஒட்டுகளின் மேல் படும்படி ஒட்டுங்கள், ஈரம் அந்த வழியாகத்தான் வரும். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நீர் முத்துமுத்தாகப் பூத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிப்போடுங்கள். இன்னொன்று, இந்தச் சோதனையைச் சித்திரை வெயிலில் செய்தால் பெரும்பாலான தரைகள் பாஸ்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் செய்து பாருங்கள், உண்மை தெரியும். தரைத்தள வீடு, சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரிகிறது என்றால், என் அபிப்பிராயம் மரத்தரை ஆசையையே விட்டுவிடுவதுதான். சோதனையில் தேறிய சிமென்ட் தரையாக இருந்தாலும் ஃபோமுக்கு அடியில் 200 மைக்ரான் பாலிதீன் விரிப்பது நல்லது. ஷீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று 20 சென்டிமீட்டர் ஏறி நிற்க வேண்டும், ஒட்டுகளை டேப் போட்டு மூட வேண்டும்.

கரையான் நடமாட்டம் இருந்தால் மருந்தடிப்பதும் இப்போதே முடிய வேண்டும். பலகையும் ஃபோமுமாகத் தரை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும், கதவின் அடியை முன்கூட்டியே இழைத்து வையுங்கள். சுவர் ஓரம் சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், மழைக்காலத்தில் மரம் விரிவதற்கு. பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் இரண்டு நாள் படுக்கவைத்துவிட்டு, பிறகு வேலையைத் தொடங்கலாம்.

கடைக்காரர் தரும் கொட்டேஷனில் பலகை, ஃபோம், ஸ்கர்ட்டிங், கூலி எல்லாம் இருக்கும். தரையைச் சமன்செய்ய என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மட்டப்பலகையோடு ஆளை வீட்டுக்கு வரச்சொல்லி, சாக்பீஸ் வட்டங்களைக் காட்டி, அந்த வரியையும் எழுதி வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.